எதுல அம்பது சதவீதம்?

அம்பது இல்லம்மா, நாப்பத்திநாலு.

மன்னிச்சுக்கோ, நீ போன்ல பேசுனதை ஒட்டுக்கேக்கணும்னு கேக்கலை. பஸ்ல பக்கத்துல உக்காந்திருக்கேன்ல, காதுல விழுந்துருச்சு. முப்பது சதவீதம் தள்ளுபடி, அதுக்கு மேல இன்னொரு இருபது, ஆக மொத்தம் பாதி விலைதான்னு சொன்ன பாரு, அது பாதி விலை இல்ல. அந்த இருபது முழு விலையில கிடையாது. முப்பது போக மிச்சம் எழுபது இருக்குல்ல, அந்த எழுபதுலதான் இருபது. அது பதினாலு. முப்பதும் பதினாலும் நாப்பத்திநாலு. சுருக்கமாப் போடணும்னா ரெண்டையும் கூட்டிக்கோ, அம்பது. ரெண்டையும் பெருக்கி நூறால வகு, ஆறு. அம்பதுல ஆறு போச்சுன்னா நாப்பத்திநாலு. அவ்வளவுதான்.

போன்ல தெரியுற சேலை நல்லாத்தான் இருக்கு. வாங்கு. நான் வாங்க வேண்டாம்னு சொல்லலை. எதுல சதவீதம்னு தெரிஞ்சு வாங்கணும், அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

நான் விருதுநகர்ல சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் பயிற்சி குடுக்கற இடத்துல கணக்கு எடுக்கறேன். பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. குரூப் ஃபோர் எழுதற பிள்ளைங்க. கல்யாணமாகிக் கைக்குழந்தையோட வர்ற பொண்ணுங்க கூட இருக்கு. முதல் நாள் சதவீதம்தான் எடுப்பேன். போர்டுல ஒரே ஒரு வார்த்தை எழுதுவேன். 'எதுல?' அம்பது சதவீதம்னு ஒருத்தன் சொன்னா, எதுல அம்பதுன்னு கேளு. கேக்காம பேனாவத் தொடாத. பிள்ளைங்க எனக்கே 'எதுல மேடம்'னு பேரு வெச்சிருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கு.

நீ எதுவரைக்கும்? திருநெல்வேலியா. நான் கோவில்பட்டியில இறங்கிருவேன். எங்க பெரியத்தான் வீடு அங்க. பெரியத்தான்னா எங்க வீட்டுக்காரரோட கூடப்பிறந்த அண்ணன். செல்வநாயகம்னு பேரு. ஒரு வருஷமா அவங்க என்கூடப் பேச்சுவார்த்தை இல்ல. முந்தாநாள் போன் பண்ணி, வான்னாங்க. அதான் போறேன்.

சண்டைன்னு இல்ல. சண்டைன்னா ரெண்டு பேரும் பேசணும்ல. அவங்க ஒரு வார்த்தை சொன்னாங்க. துஷ்டி வீட்டுல, சாவுக்கு வந்த அத்தனை பேரு முன்னாடி. 'என் தம்பியக் கணக்குப் போட்டே கொன்னுட்டா'ன்னாங்க. நான் பதிலுக்கு ஒண்ணும் சொல்லலை. ஆனா ஒண்ணு, நான் போட்ட கணக்குல தப்பு கிடையாது. நீ யாருகிட்ட வேணும்னாலும் குடுத்துப் போடச் சொல்லு. நீயே போட்டுப் பாரு. சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் பேரு கனிராஜ். கடை வெச்சிருந்தாங்க, மோட்டாருக்குக் காயில் கட்டற கடை. கிணத்து மோட்டார், மாவு மில் மோட்டார், எல்லாம் வரும். நல்ல கைவேலை. ஆனா கணக்கு மட்டும் சுத்தமா வராது. வராதுன்னா கூட்டல் கழித்தல் வரும்மா. வாய்ப்பு, சதவீதம், இதெல்லாம் ஏறாது. மெட்ராசுக்குப் போகணும்னா வெயிட்டிங் லிஸ்டுல டிக்கெட் போடுவாங்க. நூத்திப்பத்து, நூத்திப்பதினஞ்சுன்னு வரும். இது கிடைக்காதுங்க, கணக்குப் போட்டுப் பாத்துட்டேன், பஸ்ல போங்கன்னு சொல்லுவேன். கேக்கமாட்டாங்க. பையைத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்குக் கெளம்பிருவாங்க. 'ராணி, யாராவது வராமப் போவான், எனக்குன்னு ஒரு எடம் இருக்கும்'பாங்க. முக்கால்வாசி நாளு கழிவறைப் பக்கம் நின்னுக்கிட்டேதான் போவாங்க. ஒரே ஒரு தடவை கிடைச்சிருச்சு. விழுப்புரம் தாண்டி எனக்குப் போனப் போட்டு, 'படுத்துக்கிட்டு வர்றேன், ராணி, படுத்துக்கிட்டு வர்றேன்'னாங்க. அந்த ஒரு தடவையை வெச்சுக்கிட்டுப் பத்து வருஷம் பேசுனாங்க. கணக்கு வராதவங்க அப்படித்தான். கிடைச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். கிடைக்காதது கணக்குலயே வராது.

இது சாத்தூர். வெள்ளரிக்காய் வேணுமா? வேண்டாமா, சரி.

போன வருஷத்துக்கு முந்துன வருஷம் ஐப்பசியில சாப்பாடு செல்லலைன்னாங்க. அல்சரா இருக்கும்னு மாத்திரை போட்டோம். எழுபத்திரெண்டு கிலோ இருந்தவங்க அம்பத்திநாலுக்கு வந்துட்டாங்க. எடை பாத்த உடனே எனக்கு மனசுல ஓடிருச்சு, பதினெட்டு குறைஞ்சிருக்கு, நாலுல ஒரு பங்கு. கால் பங்கு குறைஞ்சா திரும்பப் பழையபடி வர்றதுக்கு எவ்வளவு ஏறணும்? காலா? இல்லம்மா. எல்லாரும் அங்கதான் தப்பு விடுவாங்க. மூணுல ஒரு பங்கு ஏறணும். ஏன்னா இப்ப ஏற வேண்டியது அம்பத்திநாலுல இருந்து. இறங்கறதை விட ஏறறது எப்பவும் கூடுதலாத்தான் இருக்கும். கிளாஸ்ல நூறு தடவை சொல்லியிருக்கேன். எடை மெஷின் மேல அவங்க நின்னுக்கிட்டிருக்கும்போது அதுதான் ஓடுது. வேற ஒண்ணும் ஓடலை.

மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். பெரியத்தானும் வந்தாங்க. ஸ்கேன் எடுத்தாங்க. கணையத்துல கட்டி. ஆபரேஷன் பண்ற நிலைமையைத் தாண்டிருச்சுன்னுட்டாங்க. டாக்டர் சின்னப் பையன்தான், நல்ல பையன், பொறுமையாப் பேசுனாரு. இவங்களை வெளியில பெஞ்சில உக்கார வெச்சிட்டு என்னையும் பெரியத்தானையும் உள்ள கூப்பிட்டாரு. 'ஒரு மருந்து இருக்கும்மா. போட்டா ஒரு வருஷத்தைத் தாண்டறதுக்கான வாய்ப்பு அம்பது சதவீதம் கூடும்'னாரு.

பெரியத்தான் கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க. கண்ணெல்லாம் கலங்கிருச்சு. 'போடுங்க சார், எந்தக் காட்டை வித்தாவது நான் பாத்துக்கிடுதேன்'னாங்க.

நான் கேட்டேன், 'எதுல அம்பது சதவீதம் டாக்டர்?'

அவரு ஒரு நிமிஷம் என்னையப் பாத்தாரு. நீங்க என்ன பண்றீங்கன்னாரு. கணக்கு எடுக்கறேன்னேன். 'சரியான கேள்விம்மா'ன்னு சொல்லிட்டு அவரே விளக்குனாரு. இந்த நிலைமையில வர்ற நூறு பேருல, மருந்து இல்லாம ஒரு வருஷத்தைத் தாண்டறது எட்டுப் பேரு. மருந்து போட்டா பன்னெண்டு பேரு. எட்டு பன்னெண்டாகுது. நாலு கூடுது. எட்டுல நாலு பாதி. அதான் அம்பது சதவீதம். அவரு பொய் சொல்லலை. ஆனா நூறுல பாத்தா நாலுதான். நூறுக்கு நாலுன்னா, இருபத்தஞ்சுல ஒண்ணு. இருபத்தஞ்சு பேருக்கு மருந்து போட்டா ஒருத்தருக்குத்தான் அதனால பிரயோஜனம். மிச்சம் இருபத்தினாலு பேருக்கு மருந்து போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான். ஆனா வாந்தி, வாய்ப்புண்ணு, மாசத்துல பாதி நாளு ஆஸ்பத்திரிக் கட்டில், அது முக்கால்வாசிப் பேருக்கு உண்டு. அதையும் அவரேதான் சொன்னாரு.

நீ சொல்லு. இதுல என்ன யோசிக்க இருக்கு?

கடைசியா டாக்டர், 'அவருகிட்டயும் பேசிட்டுச் சொல்லுங்கம்மா'ன்னாரு. எல்லாருகிட்டயும் சொல்றதுதானே அது. சரின்னு சொல்லிட்டு வந்துட்டோம்.

வெளியில வந்த உடனே பெரியத்தான் வரிசையா எல்லாருக்கும் போன் போட்டாங்க. 'பாதிக்குப் பாதி பொழைச்சுக்கிடுவான், டாக்டரே சொல்லிட்டாரு.' எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. பாதிக்குப் பாதி இல்ல, பெரியத்தான்னு சொன்னேன். கார்ல வரும்போதும் சொன்னேன். இவங்க முன்னாடி சீட்டுல உக்காந்துக்கிட்டு ரோட்டையே பாத்துட்டு வந்தாங்க. தூங்குறாங்கன்னு நெனச்சேன். தூங்கலை போல.

ரெண்டு நாள் கழிச்சுப் பெரியத்தான் கோவில்பட்டியில இருந்து பஸ் ஏறி வந்தாங்க. ஹால்ல உக்காந்தாங்க. காப்பி குடுத்தேன், தொடலை.

'என்ன முடிவு பண்ணிருக்க?'ன்னாங்க.

'மருந்து வேண்டாம், பெரியத்தான். இருக்கிற நாளு வீட்டுல நல்லா இருக்கட்டும். வலிக்கு மட்டும் மாத்திரை வாங்கிக்கலாம்.'

'நீ யாரு முடிவு பண்ண?'

'நூறு பேருல நாலு பேருக்குத்தான் பிரயோஜனம். உங்க முன்னாடிதானே சொன்னாரு.'

'அந்த நாலு பேருல என் தம்பி ஒருத்தனா இருக்கக் கூடாதாம்மா?'

'இருக்கலாம். மிச்சம் தொண்ணூத்தாறுலயும் இருக்கலாம்.'

சரியாத்தானே சொன்னேன்? அவங்க எந்திரிச்சுட்டாங்க. காப்பி அப்படியே இருந்துச்சு, ஏடு கட்டி. வாசல்ல செருப்பை மாட்டும்போது திரும்பிப் பாத்து, 'நீ பாடம் எடுத்துக்கிட்டிருக்க'ன்னாங்க. பின்னே, நான் வேற என்ன செய்யறேன், என் வேலையே அதுதானே.

காசுக்காக வேண்டாம்னு சொல்லிட்டேன்னு கூட ஊருக்குள்ள பேசுனாங்க. காசு இல்லம்மா. காசு இருந்துச்சு. அது கணக்குலயே வரலை.

நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுதான். நான் கணக்குப் போட்டேன், அவங்க சரின்னாங்க. சரின்னு வாய் விட்டுச் சொல்லலை. வேண்டாம்னும் சொல்லலை. அவங்களுக்குப் பேச்சு குறைஞ்சுபோச்சு அப்ப.

மாசியில போயிட்டாங்க. வலி அவ்வளவா இல்ல. கடைசி வாரம் தவிர நடந்தாங்க, கடைக்குக் கூடப் போய் உக்காந்தாங்க. ஒரு நாளு யாரோட மோட்டாரோ அவசரம்னு பாதி காயில் கட்டுனாங்க. ஒரு தடவை கூட வாந்தி எடுக்கலை. எங்க சைடுல பாத்தா நல்ல சாவுதான். நான் சொன்னபடியேதான் எல்லாம் நடந்துச்சு.

அழலைன்னு சொன்னாங்க என்னைய. வரலைம்மா. வந்திருந்தா அழுதிருப்பேன், யாரு தடுக்கப் போறா. பெரியத்தான் அந்த வார்த்தை சொன்னப்பவும் எனக்குக் கோவம் வரலை. எட்டு, பன்னெண்டு, நூறு. எந்த எடத்துல நான் தப்புப் பண்ணேன்னு மனசுக்குள்ள ஒரு தடவை போட்டுப் பாத்தேன். சரியா வந்துச்சு. பூரணம் அக்காதான், பெரியத்தான் சம்சாரம், அவங்கதான் என் பக்கத்துல வந்து உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரொம்ப நேரம் பிடிச்சிருந்தாங்க. கை வேர்த்துருச்சு எனக்கு.

பதினாறு முடிஞ்ச மறுநாளு கிளாசுக்குப் போயிட்டேன். அன்னிக்கும் சதவீதம்தான் வந்துச்சு. புது பேட்ச். அம்பதுல எட்டு சதவீதம் எவ்வளவுன்னு ஒரு பையன் திண்டாடுனான். திருப்பிப் போடுப்பா, எட்டுல அம்பது சதவீதம். பாதி. நாலு. இப்படித் திருப்பிப் போடலாம்னு பாதிப் பேருக்குத் தெரியாது. போர்டுல நாலுன்னு எழுதுனேன். அதுக்கு அடுத்த கணக்கு எழுதுனேன். மணி அடிக்கற வரைக்கும் எழுதுனேன். பிள்ளைங்கதான் ஒரு மாதிரி பாத்துட்டு இருந்துச்சு.

வீட்டுலதான் ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபட மாட்டேங்குது. சோறு. ரெண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி, ரெண்டரை டம்ளர் தண்ணி. முப்பது வருஷமா அதுதான் அளவு. ஒரு ஆளுக்குன்னா எல்லாத்தையும் பாதியாக்கணும். அரை டம்ளர் அரிசி, ஒண்ணேகால் டம்ளர் தண்ணி. விகிதம் மாறலை. ஆனா அடி பிடிக்குது. அடுப்பைக் குறைச்சுப் பாத்துட்டேன், பாத்திரத்தை மாத்திப் பாத்துட்டேன். பிடிக்குது. இப்ப ராத்திரிக்கு ரெண்டு இட்லி கடையில வாங்கிக்கறேன்.

எதுக்குப் போறேன்னா கேக்கற? அதைச் சொல்லலையா நான்?

பூரணம் அக்காவுக்கு உடம்பு சரியில்ல. கல்லீரல்லயாம். முந்தாநாள் சாயங்காலம் கிளாஸ் முடிச்சுட்டு வர்றேன், போன் அடிக்குது. பெரியத்தான் பேரு. ஒரு வருஷமா அந்தப் பேரு போன்ல வரலை. எடுத்தேன். 'திருநெல்வேலி டாக்டர் என்னமோ முப்பத்தஞ்சு சதவீதம்ங்காரு, நாப்பது சதவீதம்ங்காரு, எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது'ன்னாங்க.

ரோட்டோரமா ஒதுங்கி நின்னேன்.

'எதுலன்னு கேக்கணும்லா? நீ அன்னைக்குக் கேட்டியே. எனக்குக் கேக்கத் தெரியலை. நான் கேட்டா அவரு இங்கிலீஷ்ல சொல்லுதாரு. நீ வந்து கேளு தாயி'ன்னாங்க. வாரேன், பெரியத்தான்னு சொல்லி வெச்சுட்டேன். நாளைக்குக் காலையில திருநெல்வேலிக்கு அக்காவக் கூட்டிட்டுப் போறோம். ரெண்டு நாளு லீவு சொல்லியிருக்கேன்.

சந்தோஷமான்னா? இதுல என்ன சந்தோஷம். அவங்க சொன்னது தப்புன்னு அவங்களுக்கே தெரிஞ்சுபோச்சுன்னு வேணும்னா சொல்லலாம். இல்லாட்டி என்னைய எதுக்குக் கூப்பிடணும்? அப்படித்தானே?

நான் போயி டாக்டர்கிட்ட கேப்பேன். எதுல முப்பத்தஞ்சு, எதுல நாப்பது. நூறு பேருல எத்தனை பேரு. கட்டில்ல கிடக்கறது எத்தனை பேரு. கேட்டுப் பெரியத்தான்கிட்ட சொல்லுவேன். இந்தத் தடவை அவங்களே முடிவு பண்ணிக்கட்டும், எனக்கு எதுக்கு வம்பு.

யாருகிட்ட? பூரணம் அக்காகிட்டயா? அவங்ககிட்ட என்னத்தம்மா கேக்கறது. பாவம், படுத்திருக்கறவங்களப் போயி. அவங்க எட்டாவதோட நின்னவங்க. சதவீதமெல்லாம் சொன்னா பயந்துருவாங்க.

கோவில்பட்டி வந்துருச்சு. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கோ. அந்தா, பெரியத்தான் வண்டியோட நிக்கிறாங்க பாரு, வெள்ளைச் சட்டை, தலை முழுசா நரைச்சுப்போச்சு. போன வருஷம் இப்படி இல்ல.

என்னம்மா? எங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாங்களா? எதுக்கு? மருந்துக்கா?

பேசுனேனே. பேசாம எப்படி. டாக்டரே சொல்லியிருக்காருல்ல. மதுரையில இருந்து வந்த மறுநாளு, சாயங்காலம். வேகவெச்ச நிலக்கடலை கேட்டாங்க, ரொம்ப நாள் கழிச்சு அவங்களா ஒண்ணு வேணும்னு கேட்டது அதுதான். உரிச்சு ஒரு தட்டுல போட்டுக் குடுத்தேன். 'அந்த மருந்தைப் பத்தி என்னதான் சொன்னாரு, ராணி'ன்னாங்க. சதவீதத்துல சொன்னா அவங்களுக்கு ஏறாதுல்ல. அதனால தட்டுல இருபத்தஞ்சு கடலையை வரிசையா அடுக்குனேன், அஞ்சு அஞ்சா. அதுல ஒண்ணை மட்டும் தனியாத் தள்ளி வெச்சேன். இவ்வளவு பேருக்கு மருந்து போட்டா இந்த ஒருத்தருக்குத்தாங்க பிரயோஜனம், மிச்ச பேருக்கு வெறும் கஷ்டம்தான்னேன். சின்னப்பிள்ளைக்குக் கூடப் புரியும். பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் கையை நீட்டி, அந்தத் தனியா இருந்த ஒத்தக் கடலையை எடுத்து வாயில போட்டுக்கிட்டாங்க. போட்டுட்டு என் மூஞ்சியையே பாத்தாங்க. மெதுவா, ரொம்ப நேரம் மென்னாங்க.

ஒண்ணும் சொல்லலை. நான் தட்டைப் பாத்தேன். மிச்சம் இருபத்தினாலு இருந்துச்சு. சரியா இருந்துச்சு.

இந்தா, இறங்கிட்டேன், போகச் சொல்லு.